விளக்கடியில் படிக்கும் குழந்தை

சூரிய மின்சாரம் கொடுக்கிற எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் அந்தப் படம் இருக்கும். மண்சுவர், கயிற்றுக் கட்டில், அதன்மேல் விரித்த நோட்டு, குனிந்து எழுதும் ஒரு பெண் குழந்தை. அவள் முகத்தில் பாதிக்கு மட்டும் வெள்ளை வெளிச்சம் விழும், மீதியெல்லாம் கறுப்பு. கென்யாவோ ஒடிசாவோ, குழந்தையின் சட்டைதான் மாறும். முன்பு இருள், இப்போது ஒளி.

அந்தப் படத்தை ஒரு சிறுகதை மாதிரி வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அது கதைதான். பாத்திரம் இருக்கிறது, சிக்கல் இருக்கிறது, தீர்வு இருக்கிறது. நாம் ஒரு மோசமான நாவலை வாங்கினால் முன்னூறு ரூபாய் நஷ்டம், அவ்வளவுதான். இந்தக் கதையை நம்பித்தான் வளரும் நாடுகளில் மின்சாரத்துக்கான பணம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று முடிவாகிறது. அதை மோசமாக வாசித்தால் நஷ்டம் வேறு யாருக்கோ.

அந்த வேறு யாரோ எனக்குத் தெரிந்தவர்கள். எனக்கு ஊர் கள்ளக்குறிச்சி. அப்பா கல்வராயன்மலையிலிருந்து குச்சிக்கிழங்கும் கடுக்காயும் புளியும் வாங்கி விற்றவர். பள்ளி விடுமுறையில் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறும் லாரியில் நானும் போவேன். ஒரு சிற்றூரில் புதிதாக சோலார் தெருவிளக்கு நட்டிருந்தார்கள். சாயங்காலம் அது தானாகவே எரிய ஆரம்பித்ததும் நாங்கள் பையன்கள் எல்லாம் கைதட்டினோம். நாலைந்து வருஷம் கழித்துப் போனபோது கம்பம் இருந்தது, தகடு இருந்தது, கொடுத்தவர் பெயர் எழுதிய பலகையும் பளபளவென்று இருந்தது. பேட்டரிப் பெட்டி காலி. கம்பத்தில் ஓர் ஆடு கட்டியிருந்தது.

"என்னாச்சு ஆத்தா, வெளக்கு எரியலையா?" என்று அங்கே உட்கார்ந்திருந்த பாட்டியிடம் கேட்டேன்.

"அது செத்து மூணு வருஷம் ஆச்சு சாமி. வந்து போட்டோ புடிச்சவங்க மறுபடி வரலியே, யாருகிட்டப் போயி சொல்றது?"

ஒரு விமர்சகர் அந்தக் கதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அதற்கு இரண்டாவது அத்தியாயம் கிடையாது. இதை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. விளக்கு எரிகிற அன்றைக்குக் கதை முடிந்தாக வேண்டும் என்பது நிதியின் விதி. திட்டக் காலம் இரண்டு வருஷம், மூன்று வருஷம். ஈய அமில பேட்டரியின் ஆயுளோ சராசரியாக மூன்றிலிருந்து ஐந்து வருஷம். அதாவது கணக்கு முடித்து அறிக்கை அச்சான பிறகுதான் பேட்டரி சாகும். அந்தச் சாவு எந்தப் புத்தகத்திலும் ஏறாது. தகடு இருபத்தைந்து வருஷம் உழைக்கும் என்பது உண்மை. ராத்திரி வெளிச்சம் தகட்டிலிருந்து வருவதில்லை என்பதும் உண்மை.

இதைவிடத் தேர்ந்த ஒரு புனைவும் உண்டு. ஒரு கிராமத்தின் பள்ளி, ஊராட்சி அலுவலகம் மாதிரியான பொது இடங்களில் மின்சாரம் இருந்து, நூற்றுக்குப் பத்து வீட்டில் இணைப்பும் இருந்தால் அந்தக் கிராமம் 'மின்மயமானது' என்பதுதான் இந்திய அரசின் வரையறை. மிச்சம் தொண்ணூறு வீடு இருட்டில் இருந்தாலும் கிராமம் வெளிச்சத்தில் இருக்கும். இந்தக் கணக்கின்படிதான் 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு நாடு முழுக்க மின்மயமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். வீடுகளை எண்ணத் தொடங்கிய சௌபாக்யா திட்டம் அதற்கு முந்தைய வருஷம், 2017 செப்டம்பரில்தான் வந்தது. வீட்டை எண்ணுவதா ஊரை எண்ணுவதா என்பது வெறும் புள்ளிவிவரப் பிரச்சினை கிடையாது. மலையில் ஒரு ஊராட்சி என்பது பல குன்றுகளில் சிதறிக்கிடக்கும் சிற்றூர்கள். எண்ணுகிற அலகு பெரிதாக ஆக, கடைசிக் குன்று கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இந்த வகைக் கதைகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது பீகாரின் தர்நாய். 2014 ஜூலையில் கிரீன்பீஸ் அங்கே 100 கிலோவாட் சூரிய மின்கட்டமைப்பைத் தொடங்கி வைத்தது. முன்னாள் முதலமைச்சர் நிதிஷ் குமார் பார்க்க வந்தபோது, ஊர்க்காரர்கள் அவரிடம் இது வேண்டாம், எங்களுக்கு நிஜ மின்சாரம் வேண்டும் என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் மின்வாரியக் கம்பி வந்தது, சூரிய நிலையம் மெல்லச் செயலிழந்தது. உலகப் பத்திரிகைகள் இதை நிலக்கரி சூரியனை ஜெயித்த கதையாக எழுதின. சூரிய சக்தி ஆர்வலர்கள் ஊர்க்காரர்களுக்கு விஷயம் புரியவில்லை என்று வருத்தப்பட்டார்கள்.

எனக்கு என்னவோ அந்த இரண்டு வாசிப்பும் தப்பு என்று படுகிறது. ஊர்க்காரர்கள்தான் சரியாக வாசித்தவர்கள். பக்கத்து டவுனில் மின்விசிறி, டிவி, மோட்டார் எல்லாம் ஓடுகிறது. தங்கள் வீட்டில் மட்டும் ஏன் அளந்து கொடுக்கும் மின்சாரம், அதுவும் கூடுதல் விலைக்கு? 'நிஜம்', 'போலி' என்று அவர்கள் பிரித்தது தொழில்நுட்பத்தை அல்ல. பழுதானால் பதில் சொல்ல ஒரு அலுவலகம், ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கட்டண அட்டவணை, கேட்கப் போனால் தட்டுவதற்கு ஒரு மேசை. இதெல்லாம் சேர்ந்ததைத்தான் நிஜம் என்றார்கள். வெள்ளிமலைப் பாட்டி கேட்டதும் அதுதானே? யாரிடம் போய்ச் சொல்வது?

அப்படியானால் புதுமையான நிதி என்பதே ஏமாற்றா? இல்லை. இங்கேதான் நம் இணைய விமர்சகர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 'கார்ப்பரேட் சதி' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு நகர்வது சுலபம். பணம் நிஜமாகவே சில விஷயங்களை மாற்றியிருக்கிறது. எல்இடி பல்பை எடுத்துக்கொள்வோம். 2014இல் அரசின் கொள்முதல் விலை சுமார் 310 ரூபாய். கோடிக்கணக்கில் மொத்தமாக ஒரே ஏலத்தில் வாங்கினார்கள், இரண்டே வருஷத்தில் 38 ரூபாய்க்கு வந்தது. யாருடைய படத்தையும் போடாமல் நடந்த புதுமை அது. கர்நாடகத்தில் 1995இல் ஹரிஷ் ஹாண்டே தொடங்கிய செல்கோ, கிராம வங்கிகளிடம் போய்ச் சூரிய விளக்குக்குக் கடன் கொடுக்கச் சொல்லிப் பழக்கியது. மாதம் முந்நூறு என்றால் தள்ளுவண்டிக்காரர் தலையாட்டுவார், ஒரு நாளைக்குப் பத்து என்றால் சரி என்பார் என்று ஹாண்டே அடிக்கடி சொல்வதுண்டு. கணக்கு ஒன்றுதான், வருமானம் வரும் தாளம் வேறு.

கென்யாவின் எம்-கோபா இதை இன்னொரு பக்கம் கொண்டுபோனது. கைப்பேசியில் அன்றாடம் கொஞ்சம் கட்டினால் பெட்டி எரியும், கட்டாவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். இதை உலகம் பெரிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடியது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கூச்சமும் வந்தது. ஏனென்றால் இதைப் போன்ற ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் சிவப்பு அட்டை நோட்டு.

மலையில் ஆடி ஆவணியில் யார் கையிலும் காசு இருக்காது. அப்போது அப்பா முன்பணம் கொடுப்பார். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, விதைக்கு. கிழங்கு பிடுங்கும்போது கழித்துக்கொள்வார். "கவுண்டரே, ரசீதெல்லாம் வேணாம், ஒங்க வார்த்தை போதும்" என்பார். கேட்க அழகாக இருக்கும். வார்த்தை போதும்தான், ஆனால் விலையை நிர்ணயித்தது அவர். முன்பணம் வாங்கியவர் வேறு வியாபாரிக்குக் கிழங்கை ஏற்ற முடியாது. அந்த நோட்டும் ஒரு பூட்டுத்தான். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை. அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன்.

அதனால் நான் எந்த நிதித் திட்டத்தைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: சரியில்லாமல் போனால் யார் தலையில் விழும்? மழை பொய்த்துக் கிழங்கு சிறுத்தால் நோட்டில் பாக்கி ஏறியது கவுண்டர் பெயரில், அப்பா பெயரில் அல்ல. பேட்டரி செத்தால் இருட்டு சிற்றூருக்கு, பலகையில் பெயர் எழுதியவருக்கு அல்ல. தவணை தவறினால் பூட்டுவது விளக்கை. நஷ்டத்தை ஏழையிடமே விட்டுவிட்டு வசூலிக்கும் வழியை மட்டும் மாற்றினால் அதற்குப் புதுமை என்று பெயர் வைக்கலாமா?

நஷ்டத்தை யார் ஏற்பது என்பதை மாற்றிய ஓர் உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1.55 கோடி. ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மிச்சம் வங்கிக் கடன். அப்போது சண்முகம் தலைவர். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மீதி மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். ஆலை ஊராட்சியின் சொத்து. கடன் ஊராட்சியின் பெயரில். ஒரு விவசாயியின் தவணை தவறினால் அவர் வீடு இருளாவதில்லை. அங்கே ஒளி வீட்டுக்குள் வந்ததைவிட, ஊர் வங்கி மேலாளருக்கு எதிரே உட்கார்ந்ததுதான் கதை. அதைப் படம் எடுப்பது கஷ்டம்.

கல்வராயன்மலையில் இதையே செய்ய முடியுமா? அப்படியே முடியாது. நாற்பது லட்சம் சேமிப்பு வர வேண்டுமானால் முதலில் வருமானம் வேண்டும். இந்த மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மற்ற ஊர்கள் சொத்து சேர்த்த காலத்தில் இங்கே மக்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள். அந்தப் பாக்கியை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை. இங்கேதான் மானியத்துக்கும் கடன் உத்தரவாதத்துக்கும் நிஜமான வேலை இருக்கிறது. முதல் நஷ்டத்தை வெளிப்பணம் ஏற்க வேண்டும், சொத்து ஊருடையதாக வேண்டும். பத்து வருஷப் பழுதுபார்ப்புக்கான தொகையை முதல் நாளே தனியாக ஒதுக்கிவிட வேண்டும். அந்த மலையிலேயே இரண்டு பேருக்குச் சம்பளத்தோடு அந்த வேலை போக வேண்டும்.

இன்னொரு தடை பணமே இல்லாதது. 2024 ஜனவரியில் மிகவும் நலிந்த பழங்குடிகளின் ஒரு லட்சம் வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் என்று ஒன்றிய அரசு திட்டம் போட்டது, வீட்டுக்கு 50,000 ரூபாய் வரை. தமிழகத்தில் அந்தப் பட்டியலில் ஆறு குழுக்கள் உண்டு. கல்வராயன்மலையின் மலையாளிகள் அதில் இல்லை. அதே வருஷம் அக்டோபரில் மற்ற பழங்குடிகளுக்கும் கதவைத் திறந்தார்கள். அதுவரை, பட்டியலில் இல்லாதவர் வீட்டு இருட்டு இருட்டு இல்லையா? கம்பி இழுக்கலாம் என்றால் நடுவில் காடு. ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல், கிராமசபை பரிந்துரைத்தால் பள்ளிக்கும் சாலைக்கும் மின்கம்பிக்கும் காட்டு நிலத்தை ஒதுக்கலாம். இதற்கு முதலீட்டாளர் வேண்டாம். கூடிப் பேச ஒரு ஊரும், அந்தத் தீர்மானத்தை மதிக்க ஓர் அதிகாரியும் போதும். எந்தப் பளபள அறிக்கையிலும் கிராமசபைத் தீர்மானத்தின் படத்தை நான் பார்த்ததில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் மலை ஞாபகம் வந்தது, சாராயம் காய்ச்சும் இடமாக. அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றிய வழக்கை எடுத்தது. ஒரு மலையின் தேவைகள் நம் காதில் விழ அத்தனை பிணங்கள் விழ வேண்டியிருந்தது என்பதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை.

போன தையில் அந்தச் சிற்றூருக்குப் போயிருந்தேன். பாட்டி இல்லை. அவர் பேத்தி பதினொன்றாவது படிக்கிறாள். வீட்டில் வாரிய இணைப்பு வந்திருக்கிறது, காற்றடித்தால் போய்விடுகிறது. பழைய கம்பம் அப்படியே நிற்கிறது. அவளைக் கம்பத்தடியில் நிறுத்திப் படம் எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் கை பரபரத்தது.

"எதுக்குண்ணா போட்டோ?" என்றாள்.

கட்டுரைக்கு என்றேன்.

"கரண்ட் போனா யாருக்கு போன் பண்ணணும்னு அந்தக் கட்டுரையில போடுங்க."

படம் எடுக்கவில்லை.