சாபம் நீங்கினாலும் கால் வலிக்கும்

தேவதைக் கதைகளைத் தழுவி எழுதப்படும் வரலாற்றுக் காதல் நாவல்களை நான் ஆசையாகப் படிப்பேன். சொன்னால் இலக்கிய நண்பர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ‘முடிவுதான் முதல் பக்கத்திலேயே தெரியுமே, அப்புறம் என்னத்தைப் படிக்கிறது?’ என்பார்கள். தெரியும்தான். துரியோதனன் சாவான் என்று தெரிந்துதானே ஜனங்கள் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்க்கிறார்கள்?

எலோயிசா ஜேம்ஸை எடுத்துக்கொள்வோம். அது புனைபெயர். ஆள் மேரி ப்ளை, நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர் பேராசிரியர். அப்பா கவிஞர் ராபர்ட் ப்ளை. கிரிம் சகோதரர்களின் கதையொன்றை வைத்து ஆண்மை பற்றி 1990இல் ‘அயர்ன் ஜான்’ எழுதியவர். அப்பா செய்தால் சிந்தனை, மகள் செய்தால் பொழுதுபோக்கு என்று பிரித்து அடுக்கும் அலமாரிமேல் எனக்கு நம்பிக்கையில்லை.

காரணம், மகளின் ‘வென் ப்யூட்டி டேம்ட் த பீஸ்ட்’ (2011). இதன் மூலமான ‘அழகியும் விலங்கும்’ கதையை 1756இல் சுருக்கி எழுதியவர் போமோன் அம்மையார். முகத்தைப் பார்க்காதே, குணத்தைப் பார் என்பது அவருடைய உபதேசம். அப்படிக் குணத்தைப் பார்த்தவளுக்குக் கடைசியில் கிடைக்கும் பரிசு என்ன? அழகான முகமுள்ள இளவரசன்! கதை தன் உபதேசத்தைத் தானே நம்பவில்லை.

எலோயிசா கைவைப்பது இந்த இடத்தில்தான். அவருடைய விலங்கு பியர்ஸ், வேல்ஸ் நாட்டுக் கோட்டையொன்றில் வைத்தியம் பார்க்கும் பிரபு. கால் ஊனம், தீராத வலி, அதனால் வாயைத் திறந்தாலே எரிச்சல். தொலைக்காட்சியின் டாக்டர் ஹவுஸ்தான் முன்மாதிரி என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். லின்னெட் அவனைக் காதலித்ததும் கால் சரியாகிவிடுவதில்லை. மந்திரத்தை எடுத்துவிட்டதால், அது செய்த வேலையைப் பேச்சு செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் பேசிப் பேசி, சண்டை போட்டு, சிரித்து, ஒருவரையொருவர் பழகுகிறார்கள். பழைய கதையில் விலங்கு தினமும் ராத்திரி ‘என்னைக் கட்டிக்கொள்வாயா?’ என்று கேட்கும். அவள் மாட்டேன் என்பாள். அந்த ‘மாட்டேன்’ எப்படிச் ‘சரி’யாகிறது என்பதுதான் நாவல். பெண்ணின் சம்மதத்துக்கு ஒரு முழுப் புத்தகத்தையே ஒதுக்குவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

குறையும் உண்டு. இந்த நாவல்களில் தடுக்கி விழுந்தால் ஒரு பிரபுவின் மேல்தான் விழ வேண்டும். ‘எ கிஸ் அட் மிட்நைட்’ (2010) சிண்டரெல்லா கதை. சாம்பலில் உட்கார்ந்தவள் என்பதால்தான் சிண்டரெல்லாமேல் நமக்குப் பரிவே வந்தது. ஆனால் கோட்டையில் நிஜமாகவே சாம்பல் அள்ளுகிறவர்கள் இங்கே ஓரத்தில்தான் நிற்கிறார்கள். நாயகி பிறப்பால் நல்ல குடும்பத்துப் பெண்; அவளுக்கு மட்டும் விடிகிறது. இது 1697இல் பெரோ எழுதியதிலும் இருந்த கோளாறுதான். மந்திரத்தைக் கேள்வி கேட்கத் துணிந்தவர் பிறப்பையும் கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது.

அடுத்த நாவலையும் வாங்குவேன். அதில் வெந்நீர் சுமந்து மாடியேறும் பெண்ணுக்கு ஒரு பெயராவது இருக்கிறதா என்று முதலில் தேடுவேன்.