முகமே போர்க்களம்: ‘தி டெரரிஸ்ட்’

சந்தோஷ் சிவன் இயக்கி ஒளிப்பதிவும் செய்த ‘தி டெரரிஸ்ட்’ (1998), தமிழில் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட போர்ப் படங்களுள் ஒன்று. மூன்று வாரத்துக்குள், பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்திலேயே படப்பிடிப்பு முடிந்தது. நட்சத்திரம் இல்லை, ஆடல் பாடல் இல்லை. பத்தொன்பது வயதுப் போராளி மல்லி, ஒரு தலைவருக்கு மாலையிட்டு வெடித்துச் சாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறாள். நாள் நெருங்கும்போது, தான் கருவுற்றிருப்பதை அறிகிறாள். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி படுகொலையை நினைக்காமல் எந்தத் தமிழராலும் இந்தக் கதையைப் பார்க்க முடியாது.

கையில் காசு இல்லாததே படத்துக்குப் பலமானது. பீரங்கியும் படையும் காட்ட வழியில்லாத கேமரா, மல்லியாக நடித்த ஆயிஷா தார்க்கரின் முகத்தை விட்டு அகலவே இல்லை. கண்ணிவெடி புதைத்த வழியில் லோட்டஸ் என்னும் சிறுவன் முன்னால் நடக்க, அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்து மல்லி போகிறாள். அங்கே அச்சத்தைச் சொல்வது அவளுடைய மூச்சும் இமையும்தான். மாலையிடும் ஒத்திகையில் பெருமிதம் பொங்கும் அதே முகம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்குகிறது. வசனத்தின் துணையில்லாமல் இப்படித் தாங்கிய நடிப்பு தமிழ்த் திரையில் அபூர்வம்.

வெளிநாட்டில் வரவேற்பு பெரிது. கெய்ரோ விழாவில் நடுவராக இருந்து படத்தைப் பார்த்த நடிகர் ஜான் மால்கோவிச், அமெரிக்க வெளியீட்டுக்குத் தன் பெயரைத் தந்தார். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தன் மகத்தான படங்களின் வரிசையில் இதைச் சேர்த்தார். தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில்தான் கூட்டம் சேரவில்லை.

பாட்டு இல்லாததே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு, அதே சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில், மனித வெடிகுண்டாக வரும் பெண்ணை வைத்தே மணிரத்னம் எடுத்த ‘உயிரே’ (இந்தியில் ‘தில் சே’) ரஹ்மான் பாடல்களோடு வந்தும் உள்நாட்டில் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. சுஜாதா வசனம் எழுதிய ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) இலங்கைப் போரை ஒரு குழந்தையின் தேடல் வழியே காட்டி மக்களிடம் சேர்ந்தது. ஆறு தேசிய விருதுகளையும் பெற்றது. அந்தப் படத்தில் ஊருக்குப் பெயர் இருந்தது, போருக்கு முகவரி இருந்தது.

‘தி டெரரிஸ்ட்’ இயக்கத்தின் பெயரையோ நாட்டின் பெயரையோ சொல்வதில்லை. தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எந்த மண்ணுக்கும் பொருந்தும் கதையாகத் தெரிந்தது. திருச்சியை அடுத்த கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை முகாம்களில் ஈழ அகதிகள் பல்லாண்டாக வாழ்கிறார்கள். அவர்கள் விட்டுவந்த போருக்கு ஊர், தேதி, இறந்தவர் பெயர் எல்லாம் உண்டு. அந்தப் போரைத் தமிழிலேயே பேசும் படம் அவற்றைச் சொல்லாமல் விட்டது உண்மையான குறை.