வழக்கமும் சட்ட விளக்கமும்: பழவேற்காட்டுப் பாடு முறையை முன்வைத்து ஒரு திறனாய்வு

இலத்தீன் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, வழக்கத்தைச் சட்டத்தின் சிறந்த விளக்குநராக ஏற்கிறது (விதி 27). இவ்விதியைத் தனித்து வாசிப்போர், நெடுநாள் நிலவும் நடைமுறை எதுவும் சட்டமாகும் எனக் கொள்வதுண்டு. ஊர் மரபு வலுவாக உள்ள பழவேற்காட்டு மீனவர் குப்பங்கள் இவ்வாசிப்பைச் சோதிக்க ஏற்ற களமாகும்.

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் வழக்கம் 'பாடு' எனப்படுகிறது. குறிப்பிட்ட ஊர்களின் தலைக்கட்டுகளுக்கே அதில் உரிமை உண்டு. அது பூசலைத் தவிர்க்கிறது. அதே வேளையில் பிறரை விலக்கவும் செய்கிறது. மகிமை மாதா திருத்தலம் அமைந்த இவ்வூரில், திருவிழாப் பொறுப்புகளும் இவ்வாறே சில குடும்பங்களுக்கு மட்டும் உரியவை எனக் கோரப்படுவதாகக் கொள்வோம். 27ஆம் விதி அக்கோரிக்கைக்குத் துணைநிற்குமா?

நில்லாது. அவ்விதி, முன்பே உள்ள சட்டத்தின் பொருளை வழக்கத்தால் தெளிவுபடுத்துவதைப் பற்றியது. வழக்கம் தானே சட்டமாவது வேறு. அதற்குரிய வரையறைகள் 23 முதல் 26 வரையுள்ள விதிகளில் உள்ளன. சட்டம் இயற்றுபவரின் ஒப்புதல், நியாயத்தன்மை, சமூகத்தின் கருத்து, பொதுவாக 30 ஆண்டுத் தொடர்ச்சி ஆகியவை அவ்வரையறைகள். உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்திற்கு நெருக்கமான பொருளே கொள்ளவேண்டும் என்கிறது விதி 18. நம்பிக்கையாளர் அனைவரும் மாண்பில் சமம் என்கிறது விதி 208. பழமை ஒன்றே இவற்றை வென்றுவிடாது.

தமிழகத் திருச்சபை வரலாறும் இதற்குச் சான்று. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, பூணூல், குடுமி போன்றவற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்தார். 1704இல் தூர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையோ, நோயுற்ற பறையர்களின் இல்லங்களுக்கே சென்று அருளடையாளங்களை வழங்குமாறு மறைபணியாளர்களைப் பணித்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை உறுதிசெய்தார். உடை, அடையாளம் சார்ந்த வழக்கத்திற்கு இடமளிக்கலாம்; அருளடையாளத்தைப் பெறும் உரிமையைத் தடுக்கும் வழக்கத்திற்கு இடமில்லை என்ற வேறுபாடு அன்றே உருவானது.

ஆகவே, வழக்கத்தின் வயதை மட்டும் கணக்கிடும் ஆய்வு முழுமையாகாது. அது எவரை உள்ளே கொணர்கிறது, எவரை வெளியே நிறுத்துகிறது என்பதே முதல் வினாவாக அமையவேண்டும். ஏரிக்கு உகந்த பங்கீட்டு நெறி திருப்பந்திக்கும் உகந்தது எனச் சட்டம் எங்கும் கூறவில்லை.