தூணும் பின்வாசலும்: பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றி

திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்து முடித்ததும் நமக்கு முதலில் காட்டப்படுவது தூண். ‘ஒரிஜினல் பர்மா தேக்கு, தட்டிப் பாருங்க’ என்பார்கள். நாமும் தட்டிப் பார்க்கிறோம். பழைய வீடு பற்றிய நம் சொல்லாடல் முழுக்க இந்தத் தூணில்தான் கட்டிக் கிடக்கிறது. வீட்டை ஒரு பிரதியாக வாசிப்பதென்றால் வாசல்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை. யார் எதுவரை வரலாம் என்பதன் வரிசை இது. திண்ணையோடு நின்றுவிட வேண்டியவர் உண்டு. திண்ணையிலேயே ஏறக்கூடாதவரும் உண்டு. கூடம் ஆண்களுக்கு, இரண்டாங்கட்டு பெண்களுக்கு, தூரமானவளுக்குக் கொல்லையோரம். கடைசியில் உலர் கழிப்பறை, அதன் பின்னால் ஒரு சந்து. மலம் அள்ள வருபவர் வீட்டின் முகத்தில் விழிக்காமலே வந்து போவதற்கென்று விடப்பட்ட சந்து. வழிப்போக்கன் படுத்துறங்கிய திண்ணையைப் பற்றி உருகி எழுதிய நாம் இந்தச் சந்தைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

முற்றத்தின் அருமையை நான் மறுக்கவில்லை. சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போய்விடும். வெளிச்சம் நடுவீடு வரை வரும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உதிரும். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லை மூலைவாட்டில் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்துகிற மெட்ராஸ் டெரஸ் லேசுப்பட்ட வித்தை இல்லை. காப்பாற்ற வேண்டிய அறிவுதான். ஆனால் யாருடைய அறிவு? கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள், கட்டிய கொத்தனாருக்கும் சாந்து சுமந்த சித்தாளுக்கும் எந்த வாசல்வரை அனுமதி இருந்தது? ‘பாரம்பரியம்’ என்கிற சொல் இந்தக் கேள்வியைக் கேட்க விடுவதில்லை.

சரி, நவீனக் குடும்பம் எதை மாற்றியது? முற்றத்தின்மேல் கண்ணாடி போட்டதைச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் கழிப்பறை. கொல்லைக்கோடியில் இருந்த தீட்டு, பீங்கானும் தண்ணீர்த்தொட்டியும் வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே குடியேறிவிட்டது. அங்கிருந்து கசியும் தண்ணீர் உத்திரத்தின் முனையை மக்கச் செய்யும் என்று பொறியாளர் எச்சரித்தாலும் யாரும் கேட்பதில்லை. உலர் கழிப்பறையை 1993ஆம் ஆண்டுச் சட்டமும், பிறகு 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. வீட்டின் கண்ணிலிருந்து மலம் மறைந்தது. மனிதக் கையிலிருந்து மறையவில்லை. பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சாகிறவர்கள் யார் என்பது நமக்குத் தெரியாததா? சமையலறைச் சுவரையும் இடித்து ‘ஓபன் கிச்சன்’ ஆக்கியாயிற்று. புகை போய்விட்டது. அடுப்பின் முன்னால் நிற்பது மட்டும் பெரும்பாலும் அதே பெண்தான்.

அண்மையில் இப்படிப் புதுப்பித்த ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் தோழர்தான், நம் கூட்டங்களுக்கு வருகிறவர். மூன்று படுக்கையறை, மூன்றிலும் கழிப்பறை. வேலை செய்ய வருகிற அம்மா காலை 7 மணிக்கு வந்தால் போக மதியம் 2 ஆகுமாம். ‘அவங்க எங்க போவாங்க?’ என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, ‘பின்னால சந்துப் பக்கம் ஒண்ணு இருக்குங்க, பழசு’ என்றார். வீடு முழுக்க மாற்றிய பிறகும் கை வைக்காமல் ‘ஒரிஜினலாக’ விட்டுவைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

பழையதை அப்படியே காப்பதா, இடித்துவிட்டு அடுக்ககம் கட்டுவதா என்கிற விவாதத்தில் இந்த அம்மா எந்தப் பக்கத்திலும் இல்லை. அடுக்ககத்திலும் வேலைக்காரர்களுக்கென்று தனி லிஃப்ட் வைக்கிறார்கள். ஆகவே வீட்டைப் புதுப்பிக்கப் போகிற தோழர்கள் வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு கழிப்பறையிலும் யார் நுழையலாம் என்று எழுதிப் பார்க்கட்டும். எங்காவது ஓரிடத்தில் பேனா தயங்கும். அங்கிருந்து இடிக்கத் தொடங்கலாம்.