பார்த்தெழுதுதலும் படைத்தெழுதுதலும்

எழுதக் கற்றல் என்னும் தொடருக்கு இரு பொருள் உண்டு. எழுத்தின் வரிவடிவத்தைக் கையால் அமைக்கக் கற்றல் ஒன்று. உள்ளத்தில் எழுந்த கருத்தை எழுத்தில் வைக்கக் கற்றல் மற்றொன்று. முன்னது கைக்குப் பயிற்சி; பின்னது கருத்துக்குப் பயிற்சி. சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறைகளில் முன்னதற்குக் கிடைத்த இடம் பின்னதற்குக் கிடைத்ததா என்பது ஆராய்தற்குரியது.

தொடக்க நிலையில் எழுத்தறிவிக்கும் நெறிகளை மூன்றாகப் பகுத்துக் கூறுதல் ஆசிரியப் பயிற்சியில் வழக்கம். எழுத்து முறை நெடுங்கணக்கில் தொடங்கும். சொல் முறை படமும் பெயருமாகத் தொடங்கும். சொற்றொடர் முறை முழு வாக்கியத்தில் தொடங்கிப் பின்னர்ச் சொல்லுக்கும் எழுத்துக்கும் இறங்கி வரும். எழுத்து, சொல், பொருள் என்னும் தொல்காப்பிய வைப்பு முறையைச் சான்றாகக் காட்டி, எழுத்து முறையே தமிழுக்கு இயல்பானது என வாதிடுவாரும் உளர். அவ்வாதம் பொருந்தாது. இலக்கணம் மொழியை முன்னரே அறிந்தார்க்கு எழுந்த பகுப்பு. குழந்தையோ பொருளில் தொடங்கி எழுத்துக்கு வருகிறது. பால் வேண்டும் என்று கேட்கக் கற்ற பின்னரே அது பகர ஆகாரத்தைக் காண்கிறது.

திண்ணைப் பள்ளியின் மணல் எழுத்தைப் போற்றுவோர் பலர். 1789இல் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுச் சிறார் மணலில் விரலால் எழுதிக் கற்றதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் நூலாகவும் வெளியிட்டார். அதன் வழி அம்முறை இங்கிலாந்துக்கும் சென்றது. ஆயின் மணலைப் போற்றுவோர் மறப்பது ஒன்றுண்டு. பழைய பள்ளியில் அகர வரிசையை அடுத்து ஆத்திசூடி வந்தது. அவ்வரிசையிலேயே அமைந்த அந்நூலால் ஒவ்வோர் எழுத்தோடும் பொருளுடைய தொடர் ஒன்று குழந்தையின் நாவில் நின்றது. எழுத்தைத் தனியே நிறுத்திக் கற்பித்தல் நம் மரபும் அன்று.

சிங்கப்பூர்க் குழந்தையின் நிலை வேறு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியர் இல்லங்களில் மிகுதியாகப் பேசப்படும் மொழி ஆங்கிலமே. பல குழந்தைகள் உரோமன் எழுத்துகளை அறிந்த பின்னரே தமிழ் எழுத்தைக் காண்கின்றனர். அவர்தம் பிழைகளைக் கூர்ந்து நோக்கின் மூவகை புலப்படும். ‘கெ’ என எழுதுமிடத்துக் கொம்பைக் ககரத்திற்குப் பின் இடுவது ஒன்று. செவியில் மெய்யொலிக்குப் பின்னரே உயிரொலி கேட்கிறது. கையோ கொம்பை முன்னர் இட வேண்டும். செவிவழிச் செல்லும் குழந்தை தடுமாறுவது இயல்பே. லகர, ளகர, ழகரங்களை மயங்குவது இரண்டாவது. பேச்சில் வேறுபாடு கேளாதபோது எழுத்தில் வேறுபாடு தோன்றுவது அரிது. ‘வந்துச்சு’, ‘மழ பேஞ்சிச்சி’ எனப் பேசுவதை அப்படியே எழுதுவது மூன்றாவது.

இவை அறியாமையின் விளைவுகள் அல்ல. கேட்டதற்கு உண்மையாக இருந்ததன் விளைவுகள். 1971இல் சார்லசு ரீட் என்னும் மொழியியலறிஞர், பள்ளி செல்லாத அமெரிக்கக் குழந்தைகள் தாமாக எழுதியவற்றை ஆராய்ந்து, அவர்தம் பிழைகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு என நிறுவினார். ‘டிரக்’ என்னும் சொல்லின் முதலொலியைச் சகரத்தை ஒத்த ஒலியாகக் கேட்டு அவ்வாறே அவர்கள் எழுதினர். பிழை என்பது ஏணியின் படி என்பதே இதனால் பெறப்படும் கருத்து.

சிவப்பு மையோ மூவகைப் பிழையையும் ஒரே வகையாய்க் கருதி அடித்துச் செல்கிறது. பக்கம் சிவந்து திரும்பக் கண்ட குழந்தை தன் சொல்லைக் கைவிட்டு, மாதிரிக் கட்டுரையிடம் அடைக்கலம் புகுகிறது. தேக்கா சந்தையில் பணப்பை தொலைந்தாலும், கடற்கரையில் சிறுவன் தவறி விழுந்தாலும், கட்டுரை கதிரவன் செங்கதிர் விரிப்பதிலேயே தொடங்கும். பிழையற்ற அக்கட்டுரையில் குழந்தையும் இல்லை. அது பார்த்தெழுதுதலின் நீட்சி. பார்க்கும் ஏடு மட்டும் நினைவுக்கு மாறியிருக்கிறது.

பிழையைத் திருத்தாவிடில் அதுவே நிலைத்துவிடும் என ஆசிரியர் அஞ்சுவது முறையே. சொல்வதெழுதுதலும் கையெழுத்துப் பயிற்சியும் தத்தம் இடத்தில் இன்றியமையாதன. திருத்த வேண்டாம் என்பது கருத்தன்று. எதை, எப்போது என்பதே வினா. நியூசிலாந்தில் மவோரிச் சிறார்க்குக் கற்பித்த சில்வியா ஆசுட்டன் வார்னர், குழந்தை தானே கேட்கும் சொற்களை அட்டையில் எழுதித் தந்து, அவற்றிலிருந்தே எழுத்தறிவை வளர்த்தார். அவ்வனுபவத்தை 1963இல் நூலாக்கினார். நம் வகுப்பிலும் குழந்தை ‘மழ பேஞ்சிச்சி’ என்று சொன்னதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, அதன் அருகே ‘மழை பெய்தது’ என எழுதிக் காட்டலாம். பேச்சும் எழுத்தும் பகையல்ல, உறவு என்பதைக் குழந்தை கண்ணால் காணும். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. அவ்விடத்தை எழுத்துப் பயிற்சியின் தொடக்கமாகவும் கொள்ளுதல் தகும்.

இன்னும் ஒன்று. எழுதுவோர்க்குப் படிப்போர் வேண்டும். 1950களில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றப் பகுதி சிறார் எழுத்தை அச்சேற்றியது. பின்னாளில் இந்நாட்டு எழுத்தாளராய் மலர்ந்தோர் பலர் அங்கே அரும்பியவர்கள். அந்நாளில் தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தன. அவற்றுள் உயர்நிலைக் கல்வி அளித்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. இன்று தமிழை ஒரு பாடமாக மட்டும் பயிலும் குழந்தையின் எழுத்தைப் படிப்பவர், பெரும்பாலும் மதிப்பெண் இடுபவர் ஒருவரே. மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதிய மொழியைத் தேர்வு முடிந்தபின் எவரும் ஏன் எழுத வேண்டும்?

விடை எளியது. வாரத்திற்கு ஒரு பக்கமேனும் மதிப்பெண் இடப்படாத பக்கமாக இருக்கட்டும். அது வகுப்புச் சுவரில் ஒட்டப்படலாம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்குக் கடிதமாகச் செல்லலாம். ‘பாட்டிக்கு’ என்பதில் ஓர் ஒற்றுக் குறைந்தாலும் பாட்டி படிப்பார், மறுமொழியும் தருவார். அம்மறுமொழியைக் கண்ட குழந்தை ஒற்றினைத் தானே தேடி வந்து கேட்கும். அப்போது கற்பிக்கப்படும் இலக்கணமே நிலைக்கும்.