நாயின் முடியில் இருப்பது யாருடைய கவலை?

போன மாதம் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். "நமக்கு ஸ்ட்ரெஸ் இருந்தா வீட்டு நாய்க்கும் ஒட்டிக்குமாம். ஸ்வீடன்ல முடிய வெட்டி டெஸ்ட் பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க." எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு நாள் கழித்து டீமில் இருக்கும் நண்பர் வந்தார். "பாஸ், நீங்க சொன்னத வீட்ல போய்ச் சொன்னேன், வம்பாயிடுச்சு." அவர் மனைவி ஒரு வருடமாகப் பதற்றத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். தெருவில் கண்டெடுத்து வளர்க்கும் நாட்டு நாய் மணி, சில மாதங்களாக முன்னங்காலை நக்கிக்கொண்டே இருக்கிறது. அவர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். "என்னாலதாங்க மணி இப்படி ஆயிட்டான், ஊருக்கே அனுப்பிடலாம்" என்று அழுதாராம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வுக் கட்டுரையை நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. செய்தித் தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்ததோடு சரி. அன்று இரவே உட்கார்ந்து அதையும், அதே குழு பிறகு வெளியிட்டதையும் படித்தேன். படித்ததில் தெரிந்ததை நண்பரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன்.

கட்டுரை 2019 ஜூனில் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லினா ரோத், ஆன்-சோஃபி சுண்ட்மன் ஆகியோரின் குழு செய்தது. 58 நாய்கள், அவற்றை வளர்க்கும் 58 பெண்கள். 33 ஷெட்லாண்ட் ஷீப்டாக், 25 பார்டர் கோலி. இருவரின் முடியையும் எடுத்து அதிலுள்ள கார்ட்டிசாலை அளந்தார்கள்.

ஏன் முடி? ரத்தத்திலும் எச்சிலிலும் இருக்கும் கார்ட்டிசால் அந்த நேரத்து நிலவரத்தைத்தான் சொல்லும். டாக்டரைப் பார்த்துப் பயந்தாலே ஏறிவிடும். முடி வளர வளர கார்ட்டிசால் அதில் சேர்ந்துகொண்டே வரும், அதனால் பல வார, பல மாதக் கணக்கு அதில் கிடைக்கும். நம்ம பாஷையில் சொன்னால், எச்சில் என்பது இந்த நொடியின் சிபியு அளவு. முடி என்பது சேர்த்து வைத்த லாக் ஃபைல். இந்தத் தேர்வு நல்ல தேர்வு. கோடை, குளிர்காலம் என்று இரண்டு முறை அளந்ததும், நாய்களுக்கு ஒரு வாரம் அசைவை அளக்கும் கழுத்துப்பட்டை மாட்டியதும் கவனமான வேலை. இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

முடிவு இதுதான்: வளர்ப்பவரின் கார்ட்டிசால் கூடுதலாக இருந்தால் நாயின் கார்ட்டிசாலும் கூடுதலாக இருக்கும் போக்கு தெரிந்தது. நாயின் குணத்துக்கு இதில் பெரிய பங்கில்லை, வளர்ப்பவரின் குணத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே நாய்கள் பெருமளவு நம் மன அழுத்தத்தைப் பிரதிபலிக்கின்றன என்று கட்டுரை முடிகிறது. செய்தித் தலைப்புகள் எல்லாம் இந்தக் கடைசி வரியிலிருந்து கிளம்பியவை. என் சிக்கலும் இங்கேதான்.

முதல் கேள்வி, எவ்வளவு? சுருக்கத்திலேயே எண்கள் இருக்கின்றன. கோடையில் இரண்டு அளவுகளுக்கும் இடையிலான சரிவு 0.235, குளிர்காலத்தில் 0.027. ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டுக்கும் பி மதிப்பு 0.001க்குக் கீழே என்பதால் இரண்டும் ஒரே மாதிரி உறுதியாக ஒலிக்கின்றன. ஆனால் "தொடர்பு இருக்கிறது" என்பது வேறு, "எவ்வளவு இருக்கிறது" என்பது வேறு. அதே நாய், அதே வீடு. பருவம் மாறியதும் சரிவு இவ்வளவு சுருங்குகிறது என்றால் 'பிரதிபலிப்பு' என்பது கனமான சொல். கண்ணாடி கோடையில் மட்டும் நன்றாக வேலை செய்யுமா?

இரண்டாவது, எந்தத் திசையில்? ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களில் லோடு ஏறினால், ஒன்று மற்றொன்றைக் கெடுத்தது என்று எந்த இன்ஜினியரும் உடனே எழுத மாட்டார். இரண்டுக்கும் மேலே ஓடும் ஒரு பொதுவான வேலையைத் தேடுவார். ஒரே வீட்டில் வாழும் மனிதருக்கும் நாய்க்கும் சத்தம், தூக்கம், வெயில், குடும்பச் சண்டை என எத்தனையோ பொது. நோய்வாய்ப்பட்ட நாயால் வளர்ப்பவருக்குக் கவலை வருவதும் நடக்கக்கூடியதே.

குழுவும் இதை யோசித்திருக்கிறது. அதனால்தான் குணத்தை அளந்தார்கள். ஆனால் நாயின் குணத்தை எப்படி அளந்தார்கள்? வளர்ப்பவரே நிரப்பிய கேள்வித்தாளால். அவருடைய குணத்துக்கும் அவரே நிரப்பினார். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதும், தன் நாயைப் பற்றிச் சொல்வதும் ஒரே தரமுள்ள அளவு அல்ல. அளவுகோல் மங்கலாக இருந்தால் அதில் தெரியும் விளைவும் மங்கலாகத்தான் தெரியும். "நாயின் குணத்துக்குப் பங்கில்லை" என்று வந்ததற்கு இந்த மங்கலும் ஒரு காரணமாக இருக்கலாம். திசையைத் தீர்மானிக்கும் வாதம் முழுக்க இந்தக் காலில்தான் நிற்கிறது.

மூன்றாவது, கார்ட்டிசால் கூடினால் துன்பம் என்று அர்த்தமா? இல்லை. ஓட்டம், உற்சாகம், போட்டி எல்லாமே அதை ஏற்றும். இந்த ஆய்விலேயே ஒத்திசைவு வலுவாகத் தெரிந்தது போட்டிகளுக்குப் பழக்கப்பட்ட நாய்களிடம். எஜமானியோடு மைதானத்தில் ஓடிக் களிக்கும் நாயின் முடியைப் பார்த்து "பாவம், கவலைப்படுகிறது" என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் எல்லாம் பொய்யா? அதுவும் இல்லை. நம் பதற்றம் நாய்க்குத் தெரியும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2022இல் பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேருக்குக் கடினமான மனக்கணக்கு கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் அவர்களின் வியர்வையையும் மூச்சையும் சேகரித்தார்கள். பயிற்சி பெற்ற 4 நாய்கள் எது பதற்றத்தின் வாசனை என்பதை 93.75% முறை சரியாகக் காட்டின. நாய்கள் நான்குதான், ஆனாலும் சோதனை கச்சிதம். ஆக, தெரிந்துகொள்ளும் மூக்கு இருக்கிறது. ஆனால் தெரிந்துகொள்வது ஒன்று, மாதக்கணக்கில் அதைச் சுமந்து வாடுவது இன்னொன்று.

தலைப்புச் செய்திகள் கண்டுகொள்ளாத முக்கியமான ஒன்று அடுத்து வந்தது. 2021இல் லினா ரோத்தின் குழுவே வேறு இன நாய்களை வைத்து அதே கேள்வியைக் கேட்டது. 24 பழமையான இன நாய்கள், 18 தனித்து வேட்டையாடும் இன நாய்கள். இவற்றில் வளர்ப்பவரின் கார்ட்டிசாலோடு ஒத்திசைவு தெரியவில்லை! ஷீப்டாக்கும் கோலியும் மேய்ப்பனின் சைகையையே பார்த்துக்கொண்டிருப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை, ஒத்திசைவு அந்த வகைக்கே உரியதாக இருக்கலாம் என்கிறது குழு. வளர்ப்பவரோடு உள்ள உறவும் அவருடைய குணமும் நாயின் அளவோடு தொடர்புள்ளவைதான் என்றும் சொல்கிறது. தன் பழைய முடிவுக்குத் தானே எல்லை போட்ட இந்த நேர்மைக்காகவே அந்தக் குழுவை மதிக்கிறேன். 2019ஆம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டுவது, பக் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அதன் கீழே இருக்கும் பதிலைப் படிக்காமல் போவது போல.

இப்போது மணிக்கு வருவோம். அவன் ஷீப்டாக் இல்லை. நம் தெரு நாய்கள் யாரும் தேர்ந்தெடுத்து இணைசேர்த்த வகை அல்ல. அதற்காக அவை மனிதரிடம் ஒட்டாதவை என்றும் நினைக்க வேண்டாம். கொல்கத்தா ஐசரில் அனிந்திதா பத்ராவின் குழு தெரு நாய்களைப் பல வருடமாகக் கவனித்துவருகிறது. முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வந்து பழகும்போது, தின்னக் கொடுத்ததைவிடத் தடவிக் கொடுத்ததுதான் நம்பிக்கையை வளர்த்தது என்று 2017இல் காட்டினார்கள். பாசம் இருக்கிறது. ஆனால் ஸ்வீடன் கோலியின் கணக்கை எடுத்து மணியின் தலையில் கட்ட முடியாது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். இடம் மாறுவது நாய்க்குப் பெரிய அடி. அமெரிக்காவின் ஒஹாயோவில் மைக்கேல் ஹென்னெஸ்ஸி குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்கு வந்த முதல் 3 நாட்களில் நாய்களின் ரத்தக் கார்ட்டிசால் வீட்டு நாய்களைவிட மிக அதிகமாக இருந்தது. ஊரில் இருக்கும் வீடு காப்பகம் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "என் பதற்றம் மணியைக் கெடுக்கிறது" என்ற ஊகத்துக்காக, பழகிய ஆளையும் பழகிய வாசனையையும் அவனிடமிருந்து பறிப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது.

வளர்ப்பவரின் பதற்றத்துக்குச் சிகிச்சை கொடுத்து, அது குறையக் குறைய நாயின் அளவும் குறைகிறதா என்று பார்க்கும் ஆய்வு வந்தால், இந்தக் கட்டுரையை நானே திருத்தி எழுதுவேன். காரணம் என்று சொல்ல அப்படி ஒன்று வேண்டும்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தி, "அப்ப கால நக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அரிப்பு, உண்ணி, வலி, சலிப்பு என்று அதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம். "மொதல்ல டாக்டர்கிட்ட காலக் காட்டுங்க" என்றேன். காட்டினார்கள். விரல் இடுக்கில் புண் இருந்திருக்கிறது. மருந்து போடுகிறார்கள், நக்குவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதற்காக மணிக்கு மன அழுத்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காலைப் பார்க்கும் முன்பே ஒரு பெண்ணின் மீது பழியைப் போட்டது நான் படிக்காமல் பேசிய பேச்சு.

மணி ஊருக்குப் போகவில்லை. நண்பரின் மனைவி ராத்திரி தூக்கம் வராதபோது அவனோடுதான் மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பாராம். அதையும் எந்தக் கார்ட்டிசால் கணக்கில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.