அளவை வரைய முடியாத படம்

எலிசபெத் பிளாக்வெல் 1737-39இல் லண்டனில் வெளியிட்ட 'எ க்யூரியஸ் ஹெர்பல்' நூலின் 500 படங்களில் ஃபாக்ஸ்குளோவ் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கடனுக்காகச் சிறையிலிருந்த கணவரை மீட்க, செல்சீ மூலிகைத் தோட்டத்துச் செடிகளைத் தானே வரைந்து, செம்புத் தகட்டில் செதுக்கி, வண்ணமும் தீட்டினார். பூவையும் விதையையும் தனியே பிரித்துக் காட்டுவது அவர் வழக்கம்.

சரி, இதுல விஷம் எங்கே இருக்கு? இதே இலை இதய நோய்க்கு மருந்து. கொஞ்சம் கூடினால் இதயத்தையே நிறுத்தும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எந்தக் கோடும் சொல்லாது. 1785இல் வில்லியம் விதரிங் எழுதிய நூலிலும் ஃபாக்ஸ்குளோவ் படம் உண்டு. ஆனால் அளவைச் சொன்னது, தப்பிய தவறிய நோயாளிகளைப் பற்றிய அவருடைய குறிப்புகள்தான்.

அதுக்காக பிளாக்வெல்லைக் குறை சொல்ல மனசு வரல. செடியைச் சரியாகக் காட்டினார். அழகை மட்டும் பார்த்து நம்பிவிடுவது நம்ம தப்பு.